சின்னம்மையும் சிசுவும்

சென்ற மாசி மாதத்தில், காப்பிப் பழம் பறித்து முடிந்து களங்கள் ஓய்ந்திருந்த சமயத்தில், சேர்வராயன் மலையில் வாழவந்திக்குச் சங்கப் பரிசோதனையின் பொருட்டுச் சென்றிருந்தேன். கடன் பெற்ற அங்கத்தினர் அத்தொகையை விண்ணப்பத்தில் எழுதிக் கொடுத்த காரியத்திற்கே செலவிட்டாரா என்று நேரில் பார்த்து எழுதுவது எங்கள் உத்தியோகத்தின் ஒரு பகுதி. மிளகுக் கொடி வைப்பதற்காகக் கடன் வாங்கிய ஓர் அங்கத்தினரின் வீட்டிற்குக் காரியதரிசியுடன் போனபொழுது, வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்துச் செருகியிருந்தது. காரியதரிசி என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"ஆத்தா வந்திருக்கிறாள், சார். பேரப் பையனுக்கு விளையாட்டு அம்மை. இன்னும் முதல் தண்ணீர் ஊற்றவில்லை" என்றார்.

முற்றத்தில் நின்றபடியே கொடிகளை எண்ணிக் குறித்துக்கொண்டு நான் திரும்பியிருப்பேன். ஆனால் விருந்தினருக்குத் தண்ணீர் கொடாமல் அனுப்பும் வழக்கம் அம்மலையில் இல்லை. அவ்வீட்டின் இளைய மருமகள் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து திண்ணைமேல் வைத்துவிட்டு விலகி நின்றார். அவருக்கு நாலாம் மாதம் என்று காரியதரிசி சொன்னார். பையனோ உள்ளே, அதே ஒற்றை அறையில், வேப்பிலையின்மேல் படுத்திருந்தான். அவனுக்குக் கஞ்சி கொடுப்பவரும் இந்த அம்மையாரே. "இந்தப் பெண்ணுக்குச் சிறு வயதில் அம்மை பார்த்திருக்கிறதா?" என்று கேட்டேன். எவருக்கும் நினைவில்லை. "விளையாட்டு அம்மைதானே, சார்" என்று காரியதரிசி சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதன் காரணத்தை அங்கத்தினர்களுக்குச் சொல்லவேண்டும் என்றே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன். நான் வைத்தியனல்லன், கூட்டுறவு இன்ஸ்பெக்டர். எனினும் தவணை தவறியோர் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு வீடு வீடாகச் செல்பவனுக்கு, பட்டியலில் எழுதப்படாத காரணங்கள் பல தெரியவருகின்றன.

சென்ற ஆண்டு சேலத்தைச் சார்ந்த சமவெளிக் கிராமம் ஒன்றில், நெசவாளர் சங்கத்துப் பட்டியலில் நான்கு தவணை தவறிய ஒருவர் பெயர் இருந்தது. அதுவரை ஒரு நாளும் தவறாதவர். வீட்டிற்குப் போனேன். தறி ஓடவில்லை, பாவு பாதியில் நின்றிருந்தது. அவர் மனைவிக்கு நிறைமாதத்தில் அம்மை கண்டிருக்கிறது. முதுகிலும் வயிற்றிலும் சில கொப்புளங்கள், முகத்தில் ஒன்றுமில்லை. அது கண்ட இரண்டாம் நாள் இரவில் வலி எடுத்துப் பிரசவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயினர். அம்மை கண்டதை அங்கே சொல்லவேண்டாம், சொன்னால் ஊசி போட்டு ஆத்தாளைக் கோபப்படுத்துவார்கள் என்று வீட்டுப் பெரியவர்கள் தடுத்துவிட்டனர். அவசரப் பிரசவத்தில் அங்கிருந்தோரும் கவனிக்கவில்லை. நல்ல ஆண் குழந்தை. மூன்றாம் நாள் வீடு திரும்பினர். எட்டாம் நாள் குழந்தையின் உடம்பெங்கும் கொப்புளம். பத்தாம் நாள் மூச்சுத் திணறல். சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினார்கள். நான்கு நாள் உயிரோடிருந்தது.

நான் தவணையைப் பற்றிப் பேசவில்லை. புறப்படும்பொழுது அத்தாய் ஒரு கேள்வி கேட்டார்: "அன்றைக்கே சொல்லியிருந்தால் பிழைத்திருக்குமா?" தெரியாது என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆனால் அக்கேள்வி என்னை விடவில்லை. பழக்கமான குழந்தை வைத்தியர் ஒருவரிடம் போய்க் கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னவற்றையும், பிறகு நான் படித்து அறிந்தவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

சின்னம்மை என்பது வாரிசெல்லா சோஸ்டர் என்னும் வைரஸினால் உண்டாவது. ஒருவருக்குக் கண்டபின் மற்றவருக்கு உடனே காண்பதில்லை. 10 முதல் 21 நாட்கள் உடம்பிற்குள் ஒளிந்திருந்து பிறகே கொப்புளமாக வெளிப்படுகிறது. கொப்புளம் தோன்றுவதற்கு இரண்டொரு நாள் முன்பிருந்தே மூச்சுக் காற்றின் வழியாகப் பிறருக்குத் தொற்றும். எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை தொற்றும். ஒரே அறையில் கால் மணி நேரம் உடனிருந்தாலே போதும். குழந்தைகளுக்கு இது பெரும்பாலும் இலேசாகக் கழிந்துவிடுகிறது. விளையாட்டு அம்மை என்ற பெயர் வந்தது அதனால்தான் போலும். வயது வந்தோருக்கு அது விளையாட்டல்ல. கர்ப்பிணிக்கு அது நுரையீரலில் இறங்கினால் தாயின் உயிருக்கே ஆபத்து. கர்ப்பத்தின் பிற்பகுதியில் இந்த அபாயம் அதிகம்.

சிசுவிற்கு வரும் கேடு இரண்டு காலங்களில் இரண்டு விதமாக வருகிறது. முதலாவது, கருவுற்ற 20 வாரங்களுக்குள் தாய்க்கு அம்மை கண்டால், அரிதாகச் சில சிசுக்களுக்கு அங்கக் குறை உண்டாகலாம். தோலில் ஆழ்ந்த வடு, வளர்ச்சி குன்றிய கையோ காலோ, கண்ணில் புரை, மூளைக் கோளாறு ஆகியவை அக்குறைகள். இதனை முதன்முதலாக 1947இல் அமெரிக்க வைத்தியர்களான லாஃபோரெட், லின்ச் என்ற இருவர் எழுதி வெளியிட்டனர். இது எத்தனை பேருக்கு நேரும் என்பது நெடுநாள் தெளிவாகாமல் இருந்தது. பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் கர்ப்ப காலத்தில் சின்னம்மை கண்ட 1,373 பெண்களைத் தொடர்ந்து கவனித்து 1994இல் வெளியிட்ட ஆராய்ச்சிதான் நிதானமான கணக்கைக் கொடுத்தது. அத்தனை பேரில் குறையோடு பிறந்தவை 9 குழந்தைகள். முதல் 12 வாரங்களில் அம்மை கண்ட தாய்மாரில் ஆயிரத்திற்கு நால்வருக்கும், 13 முதல் 20 வாரங்களுக்குள் கண்டவர்களில் நூற்றுக்கு இருவருக்கும் இது நேர்ந்தது. அதற்குப் பின் கண்டவர்களில் அவ்வாராய்ச்சியில் ஒருவருக்கும் இல்லை.

இந்தக் கணக்கை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அம்மை கண்டதென்று பயந்து கருவையே கலைத்துவிடலாமா என்று கேட்கும் குடும்பங்கள் இருக்கின்றன. நூற்றில் தொண்ணூற்றெட்டுக்கு மேல் அந்தக் குழந்தைகள் குறையின்றிப் பிறக்கின்றன. அம்மை ஆறிச் சில வாரங்கள் சென்றபின் ஸ்கேன் எடுத்துக் கவனமாகப் பார்த்தால் பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும். பக்கத்து வீட்டாரின் யோசனையைக் கேட்டு முடிவு செய்யக்கூடிய விஷயமல்ல இது.

இரண்டாவது காலம் பிரசவத்தை ஒட்டியது. அந்த நெசவாளர் வீட்டில் நடந்தது இதுவே. பிரசவத்திற்கு 5 நாள் முன்பிருந்து பிரசவமான 2 நாள்வரை தாய்க்குக் கொப்புளம் தோன்றினால், அதுவே சிசுவிற்கு மிகக் கொடிய காலம். ஏன் அப்படி என்று டாக்டரைக் கேட்டேன். அவர் சொன்னதை எங்கள் கணக்கு முறையில் சொன்னால் எளிதாக விளங்கும். அம்மை கண்ட தாயின் இரத்தத்தில் அதை எதிர்க்கும் சக்தி ஊறுவதற்குச் சில நாட்கள் பிடிக்கும். அச்சக்தி தொப்புள் கொடி வழியாகச் சிசுவையும் சேரும். தாய்க்குக் கண்டு ஒரு வாரம் கழித்துப் பிரசவமானால், நோயும் எதிர்ப்புச் சக்தியும் இரண்டுமே சிசுவைச் சேர்ந்திருக்கும். இடையில் பிரசவமாகிவிட்டால் பற்று மட்டும் சிசுவின் பேரில் ஏறிவிடும். வரவு வந்து சேராது. பிறந்த குழந்தைக்குத் தானாக எதிர்க்கும் சக்தி மிகக் குறைவு. சிகிச்சையில்லாத அந்நாட்களில் இப்படி நோய் கண்ட சிசுக்களில் நூற்றுக்கு முப்பது வரை இறந்ததாக வைத்திய நூல்கள் கூறுகின்றன.

இப்பொழுது வழியுண்டு. அத்தகைய சிசு பிறந்தவுடனே, கொப்புளம் தோன்றக் காத்திராமல், சின்னம்மைக்கு எதிரான இம்யூனோகுளோபுலின் என்ற ஊசியைப் போடுகிறார்கள். இது பிறர் இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்புச் சக்தி. தாயிடமிருந்து வரவேண்டிய வரவைக் கடனாக வாங்கிக் கொடுப்பது போன்றது. சிசுவிற்குக் கொப்புளம் கண்டால் அசைக்ளோவிர் என்னும் மருந்தை நரம்பு வழியாகச் செலுத்துகிறார்கள். தாய்க்குக் கண்டது முன்கூட்டியே தெரிந்தால், பிரசவத்தைச் சில நாள் தள்ள முடியுமா என்றும் யோசிப்பார்கள். இவற்றால் சாவு வெகுவாகக் குறைந்திருக்கிறது. ஆனால் எல்லாவற்றிற்கும் முதற்படி, தாய்க்கு அம்மை கண்டிருக்கிறது என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்லவேண்டும். அன்றைக்கே சொல்லியிருந்தால் பிழைத்திருக்குமா என்ற கேள்விக்கு, "பிழைத்திருக்கக்கூடும்" என்றார் டாக்டர். அந்தப் பதிலை அத்தாயிடம் கொண்டுபோய்ச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இங்கே எழுதுகிறேன்.

நிற்க. நம் நாட்டில் அம்மை என்றவுடன் வாய் மூடிக்கொள்ளும் வழக்கத்திற்கு நியாயமான வரலாறு இருக்கிறது. அம்மை என்று நம் முன்னோர் அஞ்சியது பெரியம்மையையே. சின்னம்மையும் பெரியம்மையும் வெவ்வேறு நோய் என்பதை 1767இல்தான் லண்டன் வைத்தியர் ஹெபர்டன் தெளிவாக எடுத்துக்காட்டினார். அதுவரை மேனாட்டிலும் இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் இருந்தார்கள். பெரியம்மைக்கு அந்நாளில் மருந்து கிடையாது. மருந்தில்லாத இடத்தில் மனிதர் தெய்வத்தை வேண்டியதும், மாரியம்மனுக்கு ஊர்தோறும் கோயில் எடுத்ததும் நாம் ஏளனம் செய்வதற்குரியவையல்ல. ஆடி மாதத்தில் சேலம் கோட்டை மாரியம்மன் கோயில் பண்டிகைக்குப் போகாத நெசவாளர் குடும்பம் உண்டா? நானும் போகிறவன்தான். ஆனால் அப்பெரியம்மை 1975ஆம் ஆண்டிற்குப்பின் இந்தியாவில் இல்லை. 1980இல் உலகிலேயே இல்லையென்று உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்துவிட்டது. மருந்தில்லாத நோய் போய்விட்டது. மருந்து கொடாத வழக்கம் மட்டும், மருந்துள்ள நோயின்மேல் வந்து உட்கார்ந்திருக்கிறது.

பெரியம்மை ஒழிந்ததில் இன்னொரு தவறான எண்ணமும் பிறந்தது. கையில் அம்மை குத்திய தழும்பு இருப்பதால் தமக்கு அம்மை வராது என்று வயதானவர் பலர் நம்புகின்றனர். அந்தத் தழும்பு பெரியம்மைக்குக் குத்தியது. சின்னம்மையை அது தடுக்காது. இளைஞர் கையிலுள்ள தழும்போ காசநோய்க்குப் போட்ட பி.சி.ஜி. ஊசியின் தழும்பு. அதுவும் இதைத் தடுக்காது.

பழைய வழக்கங்களில் நன்மையானவை பல இருக்கின்றன என்பதையும் சொல்லவேண்டும். அம்மை கண்ட வீட்டிற்குப் பிறர் வரக்கூடாது. அவ்வீட்டார் வெளியே போகக்கூடாது. கருவுற்ற பெண் அவ்வழியே நடக்கவும் கூடாது. மூன்று தண்ணீர் ஊற்றும்வரை கட்டுப்பாடு. இதைவிடச் சிறந்த தொற்றுத் தடுப்பு விதியை எந்தச் சுகாதார அதிகாரியும் எழுதிவிட முடியாது. வாசலில் வேப்பிலை கண்டால் படித்தவனும் படிக்காதவனும் நின்றுவிடுகிறான். அச்சடித்த விளம்பரத்தை எவன் படிக்கிறான்? ஆனால் அந்த வழக்கத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. வெளியிலுள்ள கர்ப்பிணியை அது காக்கிறது. உள்ளேயே இருக்கும் கர்ப்பிணியைக் காக்கவில்லை. ஒற்றை அறை வீட்டில் அவள் எங்கே போவாள்? தாய்வீட்டிற்கு அனுப்பிவிடலாம் என்பார்கள். ஆனால் பையனுக்குக் கொப்புளம் தெரிவதற்கு முன்பே அவளுக்குத் தொற்றியிருக்கலாம். அப்படியானால் அவள் அடுத்த மூன்று வாரத்தில் தாய்வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பாள்.

அக்கியைப் பற்றியும் ஒரு வார்த்தை. சின்னம்மை ஆறியபின் அந்த வைரஸ் நரம்பின் அடியில் பல்லாண்டு உறங்கிக் கிடந்து, முதுமையில் ஒருபக்கமாகக் கொப்புளித்து வருவதே அக்கி. குயவரிடம் போய்ச் செங்காவி எழுதிக்கொண்டு வந்து, பாட்டி பிள்ளைத்தாய்ச்சிப் பேத்தியின் அருகில் படுத்துக்கொள்கிறார். அக்கிக் கொப்புளத்து நீர் பட்டால், முன்பு அம்மை காணாதவருக்குச் சின்னம்மை வரும். அந்தக் கொப்புளத்தைத் துணியால் மூடிவைப்பது எளிது, எவரும் மூடுவதில்லை.

மலைவாழ் அங்கத்தினர்கள் குறிப்பாகக் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. தடுப்பூசி வழக்கமாகாத குளிர் நாடுகளில் பத்து வயதிற்குள் அநேகமாக எல்லாப் பிள்ளைகளுக்கும் சின்னம்மை கண்டு முடிந்துவிடுகிறது. கண்டவருக்குப் பெரும்பாலும் மறுபடி காண்பதில்லை. நம் போன்ற வெப்ப நாடுகளில் அப்படியல்ல. வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் ஊழியரையும் மாணவரையும் ஆராய்ந்து 1984இல் வெளியிட்டார்கள். வயது வந்தவர்களிலும் அம்மை காணாதவர் இங்கே பலர் என்பது அதில் தெரிந்தது. வங்காளத்தில் 1998இல் வெளியான ஆராய்ச்சி இன்னும் தெளிவாகச் சொல்லிற்று: நகரத்தாரைவிடக் கிராமத்தாரிலேயே எதிர்ப்புச் சக்தி இல்லாத பெரியவர்கள் அதிகம், சிறு வயதில் நோயைச் சந்திக்கும் வாய்ப்பே அவர்களுக்கு நேராததுதான் காரணம். மலையில் சிதறிக் கிடக்கும் பத்து வீடு, இருபது வீடுகள் கொண்ட ஊர்களை நினைத்துப் பாருங்கள். அங்கே வளர்ந்த பெண், அம்மை காணாமலே பெரியவளாகிறாள். மணமாகிப் பெரிய ஊருக்கு வருகிறாள். அல்லது பறிப்புக் காலத்தில் பல ஊர் ஆட்கள் கூடும் எஸ்டேட் லயத்தில் தங்குகிறாள். முதன்முதலாக அம்மையைச் சந்திப்பது வயிற்றில் பிள்ளையோடு.

இதற்குத் தடுப்பூசி இருக்கிறது. ஜப்பானிய வைத்தியர் தகாஹாஷி 1974இல் கண்டுபிடித்து வெளியிட்டது. இரண்டு முறை போடவேண்டும். நம் அரசாங்கத்தின் இலவசத் தடுப்பூசித் திட்டத்தில் இது சேரவில்லை, தனியாரிடம்தான் வாங்கவேண்டும், விலை சிறிதன்று. கர்ப்பிணிக்கு இதைப் போடவே கூடாது. போட்டுக்கொண்ட பெண் குறைந்தது ஒரு மாதமாவது கருத்தரியாமல் இருக்கவேண்டும். ஆகவே கலியாணத்திற்கு முன்பே போட்டுக்கொள்ளத்தக்கது. பெண்ணின் முகூர்த்தப் புடவைக்காக நகைக் கடன் வாங்கும் அங்கத்தினர், அத்துடன் அம்மை காணாத பெண்ணுக்கு இவ்விரண்டு ஊசிக்கும் சேர்த்து வாங்கினால், அந்த விண்ணப்பத்தை நான் முதலில் சிபாரிசு செய்வேன்.

ஏற்கனவே கருவுற்றவருக்கு அம்மை கண்டவரோடு பழக்கம் நேர்ந்துவிட்டால், முன்பு அம்மை பார்த்ததுண்டா என்று வீட்டுப் பெரியவரைக் கேட்கவேண்டும். நிச்சயமில்லையென்றால் ஓர் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். எதிர்ப்புச் சக்தி இல்லையென்று கண்டால், பழக்கம் நேர்ந்த பத்து நாட்களுக்குள் முற்சொன்ன இம்யூனோகுளோபுலின் ஊசி பயன்படும். அது எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை, விலையும் அதிகம். அது கிடைக்காவிடினும், கொப்புளம் தோன்றிய அன்றே, 24 மணி நேரத்திற்குள், டாக்டரிடம் போனால் மருந்து பலிக்கும். மூன்று தண்ணீருக்குப் பின் போனால் பலிக்காது. மூச்சு வாங்கினால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் 108 வண்டியை அழைக்கவேண்டும். ஒன்று: போகும் ஆஸ்பத்திரிக்கு முன்னதாகவே தெரிவித்துவிட்டுப் போவது நல்லது. இல்லாவிட்டால் அங்கே வரிசையில் உட்கார்ந்திருக்கும் மற்றக் கர்ப்பிணிகளின் நடுவில் போய் உட்கார நேரும்.

இதில் சங்கத்திற்கு என்ன வேலை என்று கேட்கலாம். அம்மையை மறைப்பதற்குப் பக்தி மட்டும் காரணமல்ல, கூலியும் காரணம். அம்மை கண்ட வீட்டில் தறியை நிறுத்துகிறார்கள். தறி நின்றால் கூலி நின்றது. நூல் வாங்கவும் சேலை கொடுக்கவும் சங்கத்திற்கு வர முடியாது. இரண்டு வாரக் கூலி போனால் தவணை தவறும். தவறினால் அபராத வட்டி. வாய் திறக்காமலிருப்பதே இலாபமென்று ஏழை நினைத்தால் அது அவன் குற்றமா? அம்மை கண்டதை உடனே தெரிவித்த அங்கத்தினருக்கு அம்மாதத் தவணையைத் தள்ளிக் கொடுக்கவும், கர்ப்பிணியுள்ள வீடாயின் பொது நல நிதியிலிருந்து பஸ்ஸுக்கும் பரிசோதனைக்குமாகச் சிறு தொகை கொடுக்கவும் நிர்வாக சபைகள் தீர்மானம் போடலாம். இலாபத்தில் ஒதுக்கிய அந்நிதி பல சங்கங்களில் ஆண்டுக்கணக்காகத் தொடாமல் கிடப்பதை நான் ஏடுகளில் பார்க்கிறேன்.

வாழவந்தியில் அன்று என்ன நடந்தது என்பதைச் சொல்லவில்லை. திண்ணையில் அமர்ந்திருந்த அவ்வீட்டுப் பாட்டியாரிடம் நெசவாளர் வீட்டுக் கதையைச் சொன்னேன். நெடுநேரம் பேசாமலிருந்தார். பிறகு, "ஆத்தா இருக்கிற வீட்டுக்குள் ஊசி வரலாமா, தம்பி?" என்றார். "பையனுக்கு வேண்டாம், பாட்டி, நீங்கள் செய்கிறபடியே செய்யுங்கள். மருமகள் வெளியே போய் இரத்தம் மட்டும் கொடுத்துவிட்டு வரட்டும்" என்றேன். "வெளியே போவதானால் ஆத்தா ஒன்றும் சொல்லமாட்டாள்" என்று அவரே தீர்ப்புச் சொன்னார். மறுநாள் கணவரும் மனைவியும் சேலத்திற்கு இறங்கினர். இரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி இல்லை. பதினைந்தாம் நாள் அவருக்கும் கொப்புளம் கண்டது. ஆனால் இம்முறை கிராமச் செவிலியருக்கு அன்று காலையிலேயே சொல்லப்பட்டது. டாக்டர் யோசித்து மருந்து கொடுத்தார். நாளைக்கு ஐந்து வேளை, ஏழு நாள். மாத்திரையை வேளை தவறாமல் எடுத்துக் கொடுத்தவர் அந்தப் பாட்டியார்தான். வாசலில் வேப்பிலையும் இருந்தது.

அம்மை ஆறியபின் எடுத்த ஸ்கேனில் குறை ஒன்றும் காணவில்லை. இன்னொன்றும் எடுத்தார்கள், அதிலும் இல்லை. இதை எழுதும் ஆனி மாதத்தில் அவருக்கு எட்டாம் மாதம். பிரசவம் ஆவணியில். இரத்தப் பரிசோதனைக்கும் இரண்டு ஸ்கேனுக்கும் ஆன செலவில் ஒரு பகுதியை நிர்வாக சபை தீர்மானத்தின்பேரில் பொது நல நிதியிலிருந்து கொடுத்திருக்கிறார்கள். இது அந்நிதியின் நோக்கத்தில் அடங்குமா என்று தணிக்கையில் ஆட்சேபம் எழக்கூடும். எழுந்தால் பதில் எழுதுவது என் பொறுப்பு.